கோழி மீற்லோஃப்: கொழுப்பு குறைந்தால் தண்ணீர்க் கணக்கு முக்கியம்

மீற்லோஃப் என்பது அரைத்த இறைச்சியைப் பாண் மாதிரி ஒரே கட்டியாக வேகவைத்துத் துண்டுகளாக வெட்டிச் சாப்பிடுகிற உணவு. கோழி நெஞ்சை அரைத்து, கரட்டையும் கோவாவையும் துருவிப் போட்டுச் செய்கிற மீற்லோஃப் அநேகமாக இரண்டு விதமாகப் பிழைக்கும். ஒன்று, தட்டம் முழுக்கத் தண்ணீர் நின்று அதன் நடுவில் ஒரு சாம்பல் கட்டி கிடக்கும். மற்றது, கத்தி பட்டதும் மரத்தூள் மாதிரி உதிரும். பல வீடுகளில் இரண்டும் சேர்ந்தே வருகிறது. வெளியே குளம், உள்ளே வறட்சி. ஆரோக்கியச் சாப்பாடு என்றால் இப்படித்தான் இருக்கும் என்று சகித்துக்கொண்டு சாப்பிடத் தேவையில்லை. சமையலில் நடந்த பிழை அது, திருத்தலாம்.

அமெரிக்காவில் மீற்லோஃப் வழமையாக மாட்டிறைச்சியில், சிலவேளை பன்றியும் கலந்து செய்கிறது. அங்கே அதற்கு எடுக்கிற அரைத்த மாட்டிறைச்சியில் 100 கிராமுக்கு 15 முதல் 20 கிராம் வரை கொழுப்பு இருக்கும். சூடு ஏற ஏற இறைச்சியின் புரதம் சுருங்கி, தன்னிடம் உள்ள தண்ணீரைப் பிழிந்து விடும். அந்த நேரம் உருகின கொழுப்பு இடையிலே நிற்பதால் வறட்சி வாய்க்குத் தெரியாது. தோல் உரித்த கோழி நெஞ்சில் கொழுப்பு 100 கிராமுக்கு 3 கிராமுக்கும் குறைவு. தண்ணீர் போனால் போனதுதான், மறைக்க ஒன்றும் இல்லை. இதற்குள்ளே மரக்கறியைப் பச்சையாகப் போட்டால் நிலைமை இன்னும் மோசம். கரட், கோவா, வெங்காயம் எல்லாவற்றிலும் பத்துக்கு ஒன்பது பங்கு தண்ணீர். அது சூட்டில் கசிந்து, இறைச்சி ஒன்றோடொன்று ஒட்ட வேண்டிய இடங்களில் புகுந்து கட்டியைப் பிரித்துவிடும்.

ஆகவே செய்ய வேண்டியது இரண்டு வேலை. மரக்கறியில் உள்ள தண்ணீரை முதலிலேயே அடுப்பில் வற்ற வைப்பது ஒன்று. பிறகு, வெளியே ஓடாமல் பிடிபட்டு நிற்கிற தண்ணீராக அதைத் திருப்பிக் கொடுப்பது மற்றது. பாணில் ஊறின எலும்புச் சாறு, சுட்ட கத்தரிக்காயின் சதை இரண்டும் அந்த வேலையைச் செய்யும். கீழே உள்ள அளவுகள் எல்லாம் இந்தக் கணக்கில்தான் நிற்கின்றன.

இறைச்சியில் தொடங்குவோம். 700 கிராம் எலும்பில்லாத, தோலில்லாத கோழி வேண்டும். முழுவதும் நெஞ்சாக எடுக்க வேண்டாம். 400 கிராம் நெஞ்சு, 300 கிராம் தொடை. தொடையில் கொழுப்பு 100 கிராமுக்கு ஏறத்தாழ 4 கிராம்தான், ஆனால் அதில் இருக்கிற சவ்வு வெந்து பசையாகி ஈரத்தைப் பிடிக்கும். அந்த ஒரு கிராம் வித்தியாசத்துக்குப் பயந்து தொடையை விடுவது நட்டம். கிளிநொச்சியிலோ வவுனியாவிலோ கோழிக்கடையில் ஒன்றரைக் கிலோ கோழி வாங்கினால், தோலும் எலும்பும் போக ஏறத்தாழப் பாதி மிஞ்சும், அளவு சரியாக வரும். அரைத்தே விற்கிற இறைச்சியில் தோலும் கொழுப்பும் சேர்ந்திருக்கக்கூடும். முன்னால் நின்று தோலை உரிப்பித்து வாங்கி வீட்டில் அரைப்பது நல்லது. எலும்பை எறியாதீர்கள். ஒரு லீற்றர் தண்ணீரில் இரண்டு மணித்தியாலம் சிறு தீயில் கொதிக்கவைத்து, கால் லீற்றராக வற்ற விட்டால் ஆறினபின் பாகு மாதிரி உறையும் ஒரு சாறு கிடைக்கும். பாலுக்குப் பதிலாக அதைத்தான் பாணில் ஊற்றப் போகிறோம். வாயில் கொழுப்பு இருக்கிற மாதிரி ஒரு வழுவழுப்பைத் தருவது அந்தப் பசைதான்.

ஊர்க்கோழியில் செய்யலாமா? கொழுப்பு குறைவு, ருசி கூட, உண்மைதான். ஆனால் ஒரு வருசம் ஓடித் திரிந்த சேவலின் தசை இந்தச் சமையலின் ஒரு மணித்தியாலத்தில் இளகாது, பல்லில் இழுக்கும். செய்தே ஆக வேண்டும் என்றால் பாதிக்குப் பாதி கலந்து, ஊர்க்கோழிப் பங்கை இரண்டு தரம் அரையுங்கள். அதைக் குழம்புக்கு விட்டுவிடுவதுதான் நியாயம் என்பது என் எண்ணம். வான்கோழி வளர்க்கிறவர்கள் நெஞ்சையும் தொடையையும் இதே கணக்கில் எடுக்கலாம்.

பப்பாசிக்காய் பற்றி ஒரு எச்சரிக்கை. கிழட்டுக் கோழியை இளக்கப் பச்சைப் பப்பாசி போடுகிற பழக்கம் நல்லதுதான், ஆனால் இதற்குள் துருவிப் போட்டால் அதே குணம் அரைத்த இறைச்சியைக் கூழாக்கிவிடும். பச்சை இஞ்சிக்கும் அந்தக் குணம் கொஞ்சம் உண்டு. வதக்கினால் போய்விடும். அதனால் இஞ்சி கட்டாயம் தாச்சியைக் கண்ட பிறகுதான் இறைச்சிக்குள் போக வேண்டும்.

மரக்கறிக்குத் தம்புள்ளைச் சந்தையிலிருந்து வருகிற லொறியைப் பார்த்துக்கொண்டு இருக்கத் தேவையில்லை. கத்தரியும் முருங்கையும் வளவிலேயே நிற்கும். நடுத்தரக் கத்தரிக்காய் 350 கிராம் அளவு எடுத்து, விறகடுப்புத் தணலிலோ காஸ் நெருப்பிலோ தோல் கருகி உள்ளே குழையும் வரை சுடுங்கள், சம்பலுக்குச் சுடுகிற மாதிரியே. தோலை உரித்துச் சதையை வடிதட்டில் 15 நிமிடம் வைத்தால் ஒரு கலங்கல் தண்ணீர் வடியும். அதை ஊற்றிவிடுங்கள், கசப்பும் அதோடு போகும். மிஞ்சுகிற 150 கிராம் சதையைக் கத்தியால் கொத்தி வையுங்கள். இந்தச் செய்முறையில் ஒரேயொரு மரக்கறிதான் போடலாம் என்றால் நான் கத்தரியைத்தான் தெரிவேன். சுட்ட கத்தரி தண்ணீரை விடாது, ருசியில் முன்னுக்கு வராது, துண்டை மெதுமெதுப்பாக வைத்திருக்கும்.

அடுத்தது தாச்சி. ஒரு மேசைக்கரண்டி நல்லெண்ணெயில் 100 கிராம் சின்ன வெங்காயம் (அரிசியளவாக அரிந்தது), 4 பல்லு உள்ளி, பெருவிரல் நுனியளவு இஞ்சி, 2 பச்சை மிளகாய், ஒரு நெட்டுக் கறிவேப்பிலை. வெங்காயம் கண்ணாடி மாதிரி ஆனதும் 100 கிராம் துருவின கரட். கடைசியாக ஒரு கைபிடி, 40 கிராமளவு, முருங்கையிலை. காம்பு ஒன்றும் இருக்கக்கூடாது, ஒரு காம்பு இருந்தாலும் வெட்டும்போது கத்தி அதில் மாட்டித் துண்டு கிழியும். மூடி போடாமல் வதக்குங்கள், மூடினால் தண்ணீர் திரும்ப உள்ளே விழும். எப்போது போதும் என்று கேட்டால்: அகப்பையால் தாச்சியின் நடுவில் ஒரு கோடு கீறுங்கள். கோட்டுக்குள் ஈரம் ஓடி வராமல் தாச்சியின் அடி காய்ந்து தெரிந்தால் போதும். 240 கிராமாக உள்ளே போனது 150 கிராமளவில் நிற்கும். ஒரு தட்டில் பரப்பி முற்றாக ஆற விடுங்கள். சுடச்சுட இறைச்சியில் கொட்டினால் பட்ட இடமெல்லாம் அங்கேயே வெந்து, பிறகு ஒட்டாது.

கோவா போட விரும்பினால் மெல்லியதாக அரிந்து அரைத் தேக்கரண்டி உப்பில் 20 நிமிடம் பிசறி வைத்து, துணியில் கட்டிப் பிழிந்து, அதற்குப் பிறகும் வதக்க வேண்டும். பிறகு இறைச்சிக்குப் போடுகிற உப்பிலும் கொஞ்சம் குறையுங்கள். சுரைக்காய், கெக்கரிக்காய் வேண்டவே வேண்டாம், பிழிந்து பிழிந்து கடைசியில் கையில் ஒன்றும் மிஞ்சாது. பூசணி நல்லது, ஆனால் அவிக்காமல் துருவி வதக்குங்கள். மரக்கறி எல்லாம் சேர்த்து, வற்றின பிறகு, இறைச்சியின் நிறையில் பாதியைத் தாண்டக்கூடாது. தாண்டினால் அது மரக்கறிக் கட்லட் சாமான், துண்டாக வெட்ட வராது.

இனிப் பிடிமானம். 50 கிராம் பாண், விளிம்பு நீக்கினது, இரண்டு துண்டளவு. அதில் 100 மில்லிலீற்றர் ஆறின எலும்புச் சாறு ஊற்றி 10 நிமிடம் ஊறவைத்துக் கையால் கூழாக மசியுங்கள். சாறு இல்லாவிட்டால் பசுப்பால். சீனி வருத்தக்காரர் பாணை விட்டு அதே நிறை ஓட்ஸ் போடலாம், அரை மணித்தியாலம் ஊற வேண்டும். மிஞ்சின சிவப்பரிசிச் சோறு அரைக் கோப்பையை மசித்துப் போட்டாலும் சரிவரும். பச்சை அரிசிமாவோ குரக்கன்மாவோ போடாதீர்கள். சூடாக இருக்கும்போது குறை தெரியாது, ஆறினதும் இறுகி, அடுத்த நாள் பிட்டு மாதிரிக் கல்லாகும். முட்டை ஒன்று போதும். உதிருமோ என்ற பயத்தில் இரண்டாவது முட்டையை உடைத்து ஊற்றுகிறார்கள். அது உதிர்வதைத் தடுக்கும், ஆனால் துண்டு றப்பர் மாதிரி வரும்.

குழைக்கிற முறையில்தான் பாதி வெற்றி. வன்னி வெயிலில் சமையலறையே 33, 34 பாகையில் நிற்கும்போது இறைச்சி சீக்கிரம் தளர்ந்து வழுக்கத் தொடங்கும். பிறகு எவ்வளவு பிசைந்தாலும் பிடிக்காது. இறைச்சியை ஒரு அங்குலத் துண்டுகளாக வெட்டி, பிறிட்ஜின் உறைபெட்டியில் விளிம்பு விறைக்கும் வரை, அரை மணித்தியாலமளவு, வைத்துவிட்டு அரையுங்கள். மூன்றில் இரண்டு பங்கை ஒன்றிரண்டாக அரைத்தாலே போதும், கிரைண்டர் இல்லாதவர்கள் பாரமான கத்தியால் கொத்தலாம். மிச்ச ஒரு பங்கோடு, ஏறத்தாழ 230 கிராம், உப்பு முழுவதையும் சேர்த்து நைஸாக அரையுங்கள். உப்பு தட்டையாக ஒன்றரைத் தேக்கரண்டி, அதாவது 9 கிராமளவு. உப்பு பட்டதும் தசையிலிருந்து ஒரு ஒட்டும் புரதம் வெளியே வரும், கட்டியைச் சேர்த்துப் பிடிக்கிற பசை அதுதான். ஒரு சின்ன உருண்டையை உள்ளங்கையில் அமத்திக் கையைக் கவிழ்த்துப் பாருங்கள். விழாமல் தொங்கினால் பசை வந்துவிட்டது. விழுந்தால் இன்னும் ஒரு நிமிடம் அரைக்க வேண்டும்.

அந்தப் பசையோடு பாண் கூழ், முட்டை, கத்தரிச் சதை, வதக்கின மரக்கறி, ஒன்றரைத் தேக்கரண்டி வறுத்த மிளகாய்த்தூள், ஒரு தேக்கரண்டி மிளகு, அரைத் தேக்கரண்டி பெருஞ்சீரகத்தூள் எல்லாம் போட்டுக் கலந்து, கடைசியாக ஒன்றிரண்டாக அரைத்த இறைச்சியைச் சேர்த்து விரல் நுனியால் பிரட்டுங்கள். ரொட்டிக்கு மா பிசைகிற மாதிரிப் பிசையக் கூடாது. பசை ஏற்கெனவே தயார், இனிப் பிசைவதெல்லாம் இறுக்கத்தைத்தான் கூட்டும். உப்புப் பார்க்க ஒரு தேக்கரண்டியளவைத் தாச்சியில் தட்டிப் பொரித்துச் சாப்பிடுங்கள். பச்சைக் கோழியை நாக்கில் வைக்க வேண்டாம்.

அவிக்கிற முறைக்கு ஓவன் தேவையில்லை. வாழையிலையைத் தணலில் வாட்டி, நடு நரம்பை நீக்கி, கலவையை இரண்டாகப் பிரித்து ஒவ்வொன்றையும் 17, 18 சென்ரிமீற்றர் நீளமும் 6, 7 சென்ரிமீற்றர் தடிப்பும் உள்ள உருளையாக உருட்டிச் சுற்றுங்கள். காற்றுப் பை இருந்தால் அந்த இடத்தில் துண்டு உடையும், அதனால் உருட்டும்போது இறுக்கி அமத்த வேண்டும். இரண்டு நுனியையும் மடித்து வாழைநாரால் கட்டுங்கள். இடியப்பச் சட்டியில் தண்ணீர் நன்றாகக் கொதித்து ஆவி வந்த பிறகுதான் வைக்க வேண்டும். மூடியைத் துணியால் கட்டிக்கொள்ளுங்கள், ஆவித் தண்ணீர் மேலே சொட்டாது. 40 நிமிடம். ஆவியின் சூடு 100 பாகைக்கு மேலே போகாது, அதனால் வெளிப்பக்கம் காயாமல் உள்ளே வேகும். கொழுப்பில்லாத இறைச்சிக்கு ஓவனை விட இது தோதான முறை என்பது என் முடிவு. பிறகு 10 நிமிடம் ஆறவிட்டு, இலையை விரித்து, ஒரு தேக்கரண்டி நல்லெண்ணெய் பூசின தோசைக்கல்லில் எல்லாப் பக்கமும் சிவக்க உருட்டி எடுத்தால் நிறமும் மணமும் வந்துவிடும்.

ஓவன் உள்ளவர்கள் 180 பாகையில், 23க்கு 13 சென்ரிமீற்றர் பாண் தட்டத்தில் செய்யலாம். தட்டத்தின் அடியில் வாழையிலை விரித்து, கலவையைப் போட்டுத் தட்டி அமத்தி, மேலேயும் இலை மூடி 40 நிமிடம், பிறகு திறந்து 20 முதல் 25 நிமிடம். முழு நேரமும் திறந்து வைத்தால் மேற்பக்கம் வெடிக்கும். 1500 வாற் ஓவனுக்கு இது கூடிப்போனால் ஒன்றரை யூனிற் கரண்ட். ஊர்ப் பேக்கரியில் கேட்டு வைக்க வசதியிருந்தால், பாண் எடுத்துச் சூடு இறங்கின போறணை நல்லது. பாண் வேகிற சூட்டிலேயே வைத்தால் வெளியே கருகி உள்ளே பச்சையாக இருக்கும்.

வெந்ததா என்று நிறத்தை வைத்துச் சொல்லாதீர்கள். முருங்கையிலையும் கரட்டும் சாற்றுக்கு நிறம் கொடுக்கும். நன்றாக வெந்த கோழியும் சிலவேளை இளஞ்சிவப்பாகவே நிற்கும். கம்பி வெப்பமானியை நடு மையத்தில் குத்திப் பார்த்து 74 பாகை காட்டினால் முடிந்தது. கோழி இறைச்சிக்குச் சொல்கிற பாதுகாப்பான சூடு அதுதான். 85 வரைக்கும் விட்டால் மேலே வெள்ளை நுரை மாதிரி ஒன்று கசிந்து கட்டியாகும். அது பிழியப்பட்ட புரதம், வறட்சி தொடங்கிவிட்டது என்று அர்த்தம். வெப்பமானி இல்லாதவர்கள் மெல்லிய கத்தியை நடுவில் 10 வினாடி விட்டு எடுத்து மணிக்கட்டில் தொட்டுப் பார்ப்பார்கள். சுள்ளென்று சுட வேண்டும். அது ஒரு மட்டுக்கட்டல்தான். வீட்டில் சின்னப் பிள்ளையோ கர்ப்பிணியோ இருந்தால் வெப்பமானி ஒன்று வாங்கி வைப்பது வீண் செலவில்லை.

மேலே பூசுகிற சோஸ் பற்றி. போத்தல் தக்காளிச் சோஸில் ஏறத்தாழ நாலில் ஒரு பங்கு சீனி. கொழுப்பைக் குறைக்க இவ்வளவு பாடுபட்டுவிட்டு அதை அரைப் போத்தல் ஊற்றினால் என்ன பிரயோசனம். 250 கிராம் பழுத்த தக்காளியை அரைத்து வடித்து, ஒரு தேக்கரண்டி புளிக்கரைசல், சுண்டங்காயளவு பனங்கட்டி, கால் தேக்கரண்டி மிளகாய்த்தூள் போட்டு, கரண்டியில் ஒட்டி நிற்கும் வரை வற்ற வையுங்கள். ஐந்தாறு மேசைக்கரண்டி வரும். ஓவனில் என்றால் கடைசி 15 நிமிடத்தில் பூச வேண்டும். அவித்ததற்குத் தோசைக்கல்லில் சிவந்த பிறகு பூசினால் போதும்.

வெட்டுவதற்கு முன் 15 நிமிடம் பொறுங்கள். சுடச்சுட வெட்டினால் கட்டுப்பட்டு நிற்கிற சாறெல்லாம் பலகையில் ஓடும். ஒரு விரல் தடிப்பில் வெட்டினால் எட்டுப் பேருக்குக் காணும். ஒருவரின் பங்கில் கொழுப்பு 5, 6 கிராம், புரதம் 20 கிராமளவு. உப்பு ஒரு கிராமுக்குச் சற்று மேலே, ஒரு நாளைக்கு 5 கிராமுக்குள் உப்பு என்ற உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கில் இது அடங்கும். பிறசர் உள்ளவருக்கு இன்னும் குறைக்க வேண்டுமா? ஒரு தேக்கரண்டி வரைக்கும் இறக்கலாம். அதற்குக் கீழே போனால் பசை வராது, கட்டி உதிரத் தொடங்கும். ருசிக்குத் தேசிக்காய்ப் புளியை மேலே விட்டுச் சாப்பிடலாம். கலவைக்குள் விட்டால் புளி பட்ட இறைச்சி முன்கூட்டியே இறுகிவிடும்.

பிறகும் பிழைத்தால் பிழையை இப்படித் தேடுங்கள். தட்டத்தில் தண்ணீர் நின்றால் மரக்கறி வற்றவில்லை, அல்லது கத்தரி வடியவில்லை. உதிர்ந்தால் கையைக் கவிழ்த்துப் பார்க்கிற சோதனையைச் செய்யவில்லை, அல்லது அரைக்கும்போது இறைச்சி சூடாகிவிட்டது. றப்பர் மாதிரி இருந்தால் முட்டை கூட, அல்லது கடைசிக் கலவையையும் பிசைந்துவிட்டீர்கள். மரக்கறியும் கத்தரியும் சரியாக வற்றியும், துண்டு உலர்ந்து போய்த் தட்டத்திலும் தண்ணீர் நின்றால் பெரும்பாலும் கூட நேரம் வெந்திருக்கிறது, ஆகப் பயந்து 10 நிமிடம் கூட வைத்தவர்களுக்கு வருவது அது.

மிச்சத்தை அடுக்களையில் வைத்துவிட்டுப் பின்னேரம் பார்ப்போம் என்று விடாதீர்கள். 32 பாகைக்கு மேலே சூடு நிற்கிற நாளில் சமைத்த கோழி ஒரு மணித்தியாலத்துக்கு மேல் வெளியே இருக்கக்கூடாது. பிறிட்ஜில் மூன்று நாள் நிற்கும். குளிர்ந்த பிறகு இன்னும் மெல்லியதாக வெட்ட வரும், பள்ளிக்கூடத்துக்குப் பாணுக்குள் வைத்துக் கொடுக்க அந்தத் தடிப்பு சரி. கரண்ட் அடிக்கடி போகிற இடமென்றால் முழுக்கட்டியாக வைக்காமல் துண்டுகளாக்கி, இடையிடையே வாழையிலைத் துண்டு வைத்து, உறைபெட்டியில் அடுக்குங்கள். வேண்டிய இரண்டு துண்டை மட்டும் கழற்றி, முதல் நாள் இரவே பிறிட்ஜின் கீழ்த்தட்டுக்கு இறக்கி வைத்தால், காலையில் தோசைக்கல்லில் ஒரு சொட்டுத் தண்ணீர் தெளித்து மூடி, பக்கத்துக்கு இரண்டு மூன்று நிமிடம், நடுவில் ஆவி பறக்கும் வரை சூடாக்கினால் போதும்.